நூர்ந்ததா, நூர்த்ததா? செட்டிபாளையத்து விளையாட்டுக் கம்பியூட்டர் ஒன்றின் சடுதி மரணம் குறித்த ஆய்வுரை

இவ்வாய்வின் பொருள் ஒரு கறுப்புப் பெட்டி. உயரம் முழங்காலளவு, ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நான்கு காற்றாடிகள். மூன்று நிறம் மாறும், ஒன்று மாறாது. மாறாததுதான் விலை கூடியது என்பது உரிமையாளர் கூற்று. அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆய்வுக் களம், மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால் குருக்கள்மடம் தாண்டி, களுவாஞ்சிகுடிக்கு முன்னால், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் கிடக்கும் மணலில் உள்ள செட்டிபாளையம். அங்கே என் அக்காவின் வீடு. அது அவவின் சீதன வீடு என்பதை வாசகர் நினைவில் வைக்கவேண்டும். வாவிக்கு இந்தப் பக்கமான எழுவான்கரையில் வீடு பெண்ணுக்குரியது, ஆகவே எந்தப் பிளக்கில் எதைச் செருகுவது என்ற அதிகாரமும் அவவுக்குரியது. அத்தான் இருபத்தைந்து வருடமாக அங்கே விருந்தாளி. பெட்டியின் உரிமையாளர் என் மருமகன், வயது இருபது, ஏ/எல் எழுதிவிட்டு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருப்பவன். மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் சொல்வதுண்டு. பாயோடு ஒட்டிய எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. கதிரையோடு ஒட்டிய ஒருவனைக் கண்டிருக்கிறேன். ஒட்டியது மந்திரத்தால் அல்ல, ஜி.டி.ஏ. ஃபைவ் என்ற விளையாட்டால்.

ஆய்வாளன் நான், இளைப்பாறிய தமிழாசிரியன். இத்துறையில் என் தகைமை முழுவதும் அக்கா தொலைபேசியில் சொன்ன ஒரு வசனத்தில் அடங்கும்: “நீ படிச்ச ஆள்தானே தம்பி, ஒருக்கா வந்து பாரன்.”

ஆய்வு எல்லை

நாடே இருண்ட நாட்களை இக்கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்போது நின்றுபோன கம்பியூட்டர்களை ஆராய்வது பொருளியலார் வேலை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் முழு இலங்கையும் நின்றது என்று துறை அமைச்சர் அறிவித்தார். அது விலங்கியலாருக்கு. நாம் எடுத்துக்கொண்டது, லைட் எரிய, ஃபேன் சுற்ற, ஃபிரிஜ் உறும, பக்கத்து வீட்டு ரீவியில் மாமியார் ஒருவர் அழுதுகொண்டிருக்க, இந்த ஒரு பெட்டி மட்டும் நின்றுபோவதை.

அது நிற்கும் விதமும் கவனிக்கத்தக்கது. சும்மா கிடக்கும்போது நிற்காது. பாட்டுக் கேட்கும்போது நிற்காது. விளையாட்டில் பொலிஸ் துரத்தி, கார் மோதி, பெற்றோல் நிலையம் ஒன்று வெடிக்கும் அந்தக் கணத்தில் திரை கறுக்கும், காற்றாடிகள் ஓயும், மருமகன் “மாமா, மறுகாவும் போச்சு!” என்பான். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடவாததுபோல உடனே எழும்பும். இந்தக் கடைசி வசனத்தை வாசகர் குறித்துக்கொள்க. நான் குறித்துக்கொள்ளவில்லை, அதனால்தான் ஆய்வு மூன்று கிழமை நீண்டது.

சொல்லாராய்ச்சி

நிகழ்வின் பெயரிலேயே பிணக்கு. மருமகன் “ஓஃப் ஆகிற்று” என்பான். அத்தான் “நிண்டிற்று” என்பார், அவருக்கு எல்லாமே இயந்திரம். அக்காவும் அம்மாவும் (மருமகனுக்கு அம்மம்மா) “நூந்து போச்சு” என்பார்கள். நூர்தல் என்ற இந்த வினை தமிழகத்து நண்பர்களுக்கு உடனே விளங்குவதில்லை. அவர்களுக்கு விளக்கு அணையும், நமக்கு நூரும்.

நூர்ந்தது என்றால் தன்வினை: எண்ணெய் தீர்ந்தது, திரி கருகியது, போனது. நூர்த்தது என்றால் பிறவினை: எங்கோ ஊதிய வாய் ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் சூடேறி, பெட்டியே தன்னைக் காக்க நின்றுகொண்டால் அது நூர்ந்தது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபட்டு நின்றால் அதை ஏதோ நூர்த்தது. உலகெங்கும் கம்பியூட்டர் திருத்துபவர்கள் நாட்கணக்கில் தேடுவது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். நம்மூர்ப் பேச்சு அதை ஒரே ஒரு மெய்யெழுத்தில் வைத்திருக்கிறது. நூந்ததா, நூத்ததா. முப்பது வருடம் தன்வினை பிறவினை படிப்பித்த நான், வீட்டார் எல்லோரும் சேர்ந்து ‘நூந்து’ என்று சொன்னதைக் கேட்டு, அது தன்வினையேதான் என்று முதல்நாளே முடிவு கட்டிவிட்டேன். இலக்கணம் கைவிடவில்லை, இலக்கணக்காரன் கைவிட்டான்.

முன்னோர் கூறியவை

இயந்திரக் கோளாறு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஒரு சான்று 1947 செப்டெம்பர் 9 இல் கிடைத்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ‘மார்க் டூ’ கணக்கிடும் பொறி பிழைவிட, உள்ளே தேடியவர்கள் ஒரு ரிலேயில் சிக்கிக் கிடந்த விட்டிலைக் கண்டெடுத்து, குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் வாஷிங்டனில் விட்டிலோடு இருக்கிறது. அதே 1947 இல்தான் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளும் மறைந்தார். விஞ்ஞானம் படித்துப் படிப்பித்த அந்தத் துறவி, அழிந்துபோன ஒரு கருவி எப்படி ஒலித்திருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். நின்றுபோனதை ஆராய்வதில் நமக்கு அவரே ஆசான். விட்டிலுக்கும் யாழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடாது. ஆண்டு ஒன்றாக இருந்தால் ஆய்வுக்கட்டுரைக்குப் போதும்.

மட்டக்களப்பு வாவியில் எழும் ஓசையைப் பற்றி எமர்சன் டெனண்ட் 1859 இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். பூரண நிலவில், கல்லடிப் பாலத்தடியில், துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும் என்பது நம்மூர் முறை. மருமகனின் பெட்டியும் விளையாட்டு உச்சத்தில் ‘ங்ஈஈ’ என்று மெல்லப் பாடும். இம்முறையையே கையாண்டேன். அடுப்படியில் இருந்து அகப்பை ஒன்றை எடுத்துவந்து, கொட்டாங்கச்சியைப் பெட்டியிலும் காம்பைக் காதிலும் வைத்தேன். பாட்டுத் தெளிவாகவே கேட்டது. மின்சாரம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் சுருள்கள் அதிர்வதால் வரும் ஓசை அது. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. அகப்பை திரும்பக் கேட்கப்பட்டது.

விளையாட்டியல் வரலாற்றையும் ஒரு வரி தொடவேண்டும். இவ்வட்டாரத்தின் பழைய பெருவிளையாட்டு கொம்புமுறி. வடசேரியார் கோவலன் பக்கம், தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டைக் கொளுவி, ஊர் இரண்டாகப் பிரிந்து கயிற்றில் இழுக்கும். ஒன்று முறியும்வரை ஆட்டம். மழைக்காகவும் நோய் தீரவும் ஆடியது. எதுவோ ஒன்று முறிந்துதான் விளையாட்டு முடியவேண்டும் என்ற விதி செட்டிபாளையத்துக்குப் புதிதல்ல.

சாட்சிகள்

இனி வாக்குமூலங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே நோயைக் கண்டார்கள்.

அக்கா: நாவூறு. “போன கிழமை வந்த பொடியனெல்லாம் வாயப் பிளந்து பாத்துக்கிட்டு நிண்டானுகள். உள்ளுக்கு லைட்டெல்லாம் எரியிற பெட்டிய நடுச்சாலைக்குள்ள வெச்சா நூராம என்ன செய்யும்?” செத்தல்மிளகாயும் உப்பும் மூன்றுமுறை சுற்றி அடுப்பில் போடப்பட்டன. புகையை முன் காற்றாடிகள் மூன்றும் ஆர்வத்தோடு உள்ளிழுத்தன. அன்று முழுக்க விளையாட்டில் யார் வெடித்தாலும் நாங்கள்தான் இருமினோம்.

அத்தான்: லோட். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்பவர். லாண்ட்மாஸ்டரும் தண்ணீர்ப் பம்பும் அவர் கைக்குள் வளர்ந்தவை. “வயர் சிறிசு, இழுவை பெரிசு. பம்ப ஓடவிட்டாலும் இப்பிடித்தான் திணறும்.” கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெட்டி முழு மூச்சில் இழுத்தால் 400 வாற்று. 230 வோல்ற்றில் அது 2 அம்பியருக்கும் குறைவு. அக்காவின் கேத்தில் இதைப்போல நாலைந்து மடங்கு இழுத்தும் ஒருநாளும் நின்றதில்லை. அத்தானின் வாதம் தள்ளப்பட்டது. தள்ளப்பட்ட வாதத்தில் ‘வயர்’ என்றொரு சொல் இருந்தது. அதையும் சேர்த்தே தள்ளினோம்.

கம்பியூட்டர் திருத்தும் தம்பி: “விண்டோஸ் அடிச்சுப் பாப்பம்.” இவர் எல்லா நோய்க்கும் அதையே சொல்வார் என்று பின்னர் அறிந்தேன். விண்டோஸ் புதிதாக அடிக்கப்பட்டது. மருமகனின் ஏ/எல் குறிப்புகள் அழிந்தன. அதற்கு அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. பெட்டி நான்காம் நாள் மறுபடி நின்றது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் விளக்கு வைக்கும் நேரம் பூத்தையல் போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு மேலால் போர்த்துவிட்டுப் போவா. “கடக்காத்து, தூசி பிடிக்கும்.” மருமகன் எடுப்பான். அவ போடுவா. இந்த வீட்டில் ரீவி, ஃபிரிஜ், தையல் மெஷின் எல்லாம் சட்டை போட்டவை; பெட்டி மட்டும் வெறும் மேலோடு நிற்பது அவவுக்குச் சரிவரவில்லை.

மூலபாடம்

செத்தவன் வாக்குமூலம் தருவதில்லை. விண்டோஸ் தரும் என்றார்கள், அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ‘கேர்னல் பவர் 41’ என்று வரிசையாக நின்றது. இந்த 41 ஆம் இலக்கக் குறிப்பின் பொருள்: முன்னர் முறைப்படி மூடாமலே இயந்திரம் மறுபடி எழும்பியிருக்கிறது, அவ்வளவே. அதை இயந்திரம் சாகும்போது எழுதுவதில்லை. எழும்பியபிறகு எழுதுகிறது. மறுபிறவியில் கண்விழித்து, போன பிறவியில் நான் விடைபெறாமல் போனேன் என்று பதிவதுபோல. யார் கொன்றது என்ற இடத்தில் பூச்சியம். நீலத்திரை விழுந்து இறந்திருந்தால் அந்த இடத்தில் ஓர் இலக்கம் இருந்திருக்கும்.

41 என்ற எண்ணில் ஆய்வாளனுக்கு இரண்டுநாள் போயிற்று. 2024 ஒக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட, இன்றுவரை அறியப்பட்டவற்றில் ஆகப் பெரிய முதன்மை எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். முன்னால் நிற்பது 41. அந்த வகை எண்களைத் தேடவே எழுதப்பட்ட ‘பிரைம் 95’ என்ற மென்பொருளைத்தான் செயலியை வாட்டிச் சோதிக்க எல்லோரும் ஓடவிடுகிறார்கள். ஐயப்ப பக்தர்களின் விரதமும் 41 நாள். இந்த வழியில் இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்பேனோ தெரியாது, அத்தான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

சோதனைகள்

முறைப்படி சோதிக்கவேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். ஒரு வீட்டுக்குள் இது நடவாது. நான் காற்றாடியைத் துடைக்கும்போது அக்கா பெட்டியை மூலைக்கு நகர்த்தியிருப்பா. அத்தான் மல்டி பிளக்கிலிருந்து ரவுட்டரைக் கழற்றி லோட் குறைத்திருப்பார். அம்மா துணி போட்டிருப்பா. பெட்டி அன்று நிற்காவிட்டால் நால்வருக்கும் வெற்றி.

முதற்சோதனை சூடு. கண்ணாடியைக் கழற்றினோம். கடற்காற்றின் உப்பும் தூசும் சேர்ந்து காற்றாடி இதழ்களில் ஈரப் பஞ்சுபோல ஒட்டியிருந்தன. செயலிக்கும் அதன் குளிராக்கிக்கும் இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்து, பழைய விபூதிபோல உதிர்ந்தது. துடைத்துப் புதிது பூசியபின் ‘பிரைம் 95’ ஓடவிட்டோம். முன்பு 95 பாகை செல்சியஸைத் தொட்ட செயலி 78 இல் நின்றது. இந்தச் செயலி 100 பாகையை அண்டினால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். அதையும் மீறினால்தான் தன்னைத்தானே நிறுத்தும். ஒரு மணிநேரம் முதன்மை எண்களைத் தேடியும் நிற்கவில்லை. ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவுமில்லை.

இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்ட். அது பழையது, முற்பிறவியில் டிஜிட்டல் நாணயம் தோண்டியது என்று நாங்கள் சந்தேகித்தோம். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் நாணயத்தைக் கார்ட் வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு இரவுபகல் உழைத்து ஓய்ந்த கார்ட்கள் உலகெங்கும் மலிவாக வந்து குவிந்தன. அதைச் சோதிக்க ‘ஃபர்மார்க்’ என்றொரு மென்பொருள். திரையில் ஒரு வளையம் சுற்றும்; வளையம் முழுக்க உரோமம். உளுந்து வடைக்கு மயிர் முளைத்து, அது காற்றில் அலைய அலையச் சுழலுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மயிரையும் தனித்தனியே வரையச் சொல்லிக் கார்டைத் துன்புறுத்துவதுதான் சோதனை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு கரண்ட்” என்று கேட்டா. அரைமணிநேரம் வடை சுற்றியது. பெட்டி நிற்கவில்லை.

மூன்றாவது பவர் சப்ளை. இங்கே எனக்கு நம்பிக்கை பிறந்தது, ஏனென்றால் படித்ததில் அழகான ஒரு காரணம் இருந்தது. இந்தக் காலத்துக் கார்ட்கள், திரையில் திடீரென்று வேலை கூடும்போது, கண்ணிமைப்பொழுதில் ஆயிரத்தில் ஒரு கூறுக்கு, வழமையைப்போல இரண்டு மடங்கு இழுத்துவிடும். பழைய பவர் சப்ளை அதை ஷோர்ட் என்று எண்ணிப் பயந்து மூடிக்கொள்ளும். 2022 இல் வந்த புதிய ஏ.டி.எக்ஸ். 3.0 நியமம் இந்த இரட்டிப்பைத் தாங்கவேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான். வெடிக்கும்போது நிற்கிறது; வெடிக்கும்போதுதான் வேலை கூடுகிறது. வேறென்ன வேண்டும்? களுவாஞ்சிகுடியில் மருமகனின் கூட்டாளி ஒருவனிடமிருந்து பெரிய பவர் சப்ளை ஒன்று இரவல் வந்தது. பூட்டினோம். பெற்றோல் நிலையம் வெடித்தது. நின்றது.

உடனே எழும்பியது. பவர் சப்ளை பயந்து மூடியிருந்தால் பின்னால் உள்ள சுவிச்சை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால்தான் பெரும்பாலும் எழும்பும். சூட்டில் நின்றிருந்தாலும் கொஞ்சம் ஆறவேண்டும். அது உடனே எழும்பியது. அப்போதும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

குளிர்த்திக் கருதுகோள்

மூன்றாம் கிழமை ஒரு புதிய தரவு கிடைத்தது. பகலில் நிற்கும் பெட்டி இரவு பத்துக்குப் பிறகு நிற்பதில்லை. விடியும்வரை அத்தனை பெற்றோல் நிலையங்களும் வெடித்து முடிந்தாலும் நிற்பதில்லை. அறை வெப்பம் பகலில் 33 பாகை, இரவில் 28. கச்சான் காற்று அடிக்கும் வைகாசி மாதம். வாவிப் பக்கமிருந்து வரும் அந்தக் காற்றுக்கு நாய்கூட நிழலை விட்டு எழும்பாது.

வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்கு. செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து, வழக்குரை பாடி, நிறைவில் குளிர்த்தி ஆடும் காலம். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைக் குளிரவைத்து அனுப்புவது. வழக்குரைத்து, பிறகு குளிர்த்துவது என்ற இந்த ஒழுங்கு எனக்கு ஒரு பெரிய ஆய்வுக்கான சட்டகமாகத் தோன்றியது. கொதித்ததைக் குளிர்விக்கும் அறிவு இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, கம்பியூட்டர் உலகம் அதை இன்னும் அறியவில்லை என்று ஆறு பக்கம் எழுதினேன். கட்டுரை அருமையாக வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது மருமகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அப்ப ஏன் மாமா வடை சுத்தக்குள்ள நிக்கல்ல? அது பட்டப்பகல்தானே?”

ஆய்வு நெறியாளர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நான் அவனை விளையாடப் போகச் சொன்னேன்.

உலக்கை

மறுநாள் காலை ஒன்பது மணி. பெட்டி போட்டபடி கிடந்தது. விளையாட்டில்லை, வடையில்லை, செயலி 38 பாகையில் குளிர்ந்து கிடந்தது. நான் கதிரையில் இருந்து ஆறு பக்கத்தை ஏழாக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படித் தாழ்வாரம். அம்மா சடங்குக் காலத்துப் பலகாரத்துக்கு உரலில் அரிசி இடிக்கத் தொடங்கினா. எழுபத்தெட்டு வயதுக் கை. முதல் இடி. இரண்டாவது இடி. மூன்றாவதில் திரை கறுத்தது.

நான் எழுந்து பொத்தானை அழுத்தினேன். எழும்பியது. “அம்மா, இன்னும் இடிங்க.” “ஏன்டா மனே, மா கூடத் தேவையா?” நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. கறுத்தது.

சூடில்லை. லோட் இல்லை. வெடிப்பில்லை. இடி மட்டும்.

மருமகனை எழுப்பிக் கேட்டேன்: இரவில் எப்படி விளையாடுகிறாய்? “ஹெட்போன்ல. அம்மம்மா நித்திரையெல்லோ.” பகலில்? அவன் காலடியைக் காட்டினான். சுவரோடு ஒட்டினாற்போல, தரையில், இடுப்புயரத்துக்கு ஒரு வூஃபர். அதற்கு ஒரு சாண் மேலே, அதே சுவரில், பிளக் பேஸ். பெற்றோல் நிலையம் வெடிக்கும்போது கார்ட் இழுத்தது உண்மை. ஆனால் அதே கணத்தில் வூஃபரும் ‘டும்’ என்றது, சுவர் அதிர்ந்தது. ஒரே வெடியில் இரண்டு காரியம். நாங்கள் மூன்று கிழமையாகப் பெட்டிக்குள்ளேயே தேடினோம். ஊதிய வாய் சுவரில் இருந்தது. வடைக்குச் சத்தம் கிடையாது. முதன்மை எண்களுக்கும் கிடையாது.

மின்சாரம் நம்மிடம் ஒரு செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். நல்ல பவர் சப்ளை முழு வேலையில் இருக்கும்போது மின்சாரம் அறுந்தால் 16, 17 மில்லிசெக்கன்தான் மூச்சுப்பிடிக்கும், ஓர் அலைகூட முழுதாக இல்லை. சும்மா நிற்கும்போது இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். அதனால்தான் அம்மாவின் முதல் இரண்டு இடிகளையும் தாங்கியது. லைட்டும் ஃபேனும் வேறு வயரில்.

மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு அத்தான் பிளக் பேஸைக் கழற்றினார். 1978 சூறாவளிக்குப் பிறகு கட்டிய வீடு. வயரிங் எப்போது நடந்தது என்பதில் குடும்பத்துக்குள் ஒருமித்த கருத்து இல்லை. வட்டப்பின் காலத்துப் பேஸ். அதில் ஒரு அடாப்டர். அதில் சதுரப்பின் மல்டி பிளக். இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று தலை தேய்ந்து வழுக்கியது, மற்றது துருவாக உதிர்ந்தது. இழுத்தபோது மணலும், காய்ந்த பல்லிமுட்டை ஓடு இரண்டும் நிலத்தில் விழுந்தன. உள்ளே, பின்னைக் கவ்வவேண்டிய பித்தளை இதழ்கள் இரண்டும் பல்லில்லாத வாய்போலத் திறந்தே கிடந்தன. ஒரு பக்கத்தில் கடற்காற்றுப் பூசிய பச்சை. அதன் விளிம்பில் தீப்பொறி தின்ற கறுப்பு. மூக்கருகில் கொண்டுபோனால் கருகின மீன்செதில் மணம். அடாப்டர் பின்னில் அதே இடத்தில் அதே கறுப்பு. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பெட்டி நிற்பது பற்றி அல்ல, வீடு எரிந்தது பற்றி யாராவது எழுதியிருப்பார்கள்.

ஹார்வர்ட் விட்டிலும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில்தான் கிடந்தது. முன்னோர் ஆய்வை எழுதியவன் அதைப் படிக்கவும் செய்திருக்கலாம்.

அத்தான் என்னைப் பார்த்து, “நான் சொன்னனான், வயர்” என்றார். அக்கா, மிளகாய் சுற்றியதால்தான் இது வெளியில் தெரிந்தது என்றா. விண்டோஸ் தம்பிக்கும் யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். புது விண்டோஸ் ‘கிளீனா’ இருந்ததால்தான் மற்றப் பிழை பிடிபட்டதாம். சடங்கில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்பதைக்கூட இதைவிடக் குறைந்த சத்தத்தில் பேசித் தீர்ப்பார்கள்.

காத்தான்குடிக்குப் போய் 13 அம்பியர் சதுரப் பேஸ் ஒன்றும், புது வயரும் வாங்கிவந்தோம். ஊரில் கரண்ட் வேலை செய்யும் பொடியன் வந்து எர்த்தும் பார்த்துப் பூட்டினான். வூஃபர் இரண்டடி தள்ளி, மடித்த பாயொன்றின் மேல் வைக்கப்பட்டது.

இனி எஞ்சியது உறுதிப்படுத்தும் சோதனை. நோய் எதனால் தெரிந்ததோ அதனாலேயே குணமும் தெரியவேண்டும். அம்மாவிடம் போய், இன்னொருக்கா இடியுங்கள் என்றேன்.

“அரிசி முடிஞ்சி.”

“சும்மா நாலு இடி போடுங்க, காணும்.”

“வெறும் உரல இடிக்கிறதா? வீட்டுக்கு ஆகாது. படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?”

ஆக, கடையில் மூன்று கிலோ பச்சையரிசி வாங்கி வரப்பட்டது. அரிசி ஊறவேண்டும், பிறகு வடியவேண்டும். ஆய்வு இரண்டரை மணிநேரம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னேரம் நாலரைக்கு அம்மா உலக்கையை எடுத்தா. மருமகன் வூஃபரை முழுச் சத்தத்தில் வைத்து, பொலிஸைக் கிளப்பி, நேரே ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் காரை விட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் டும், அந்தப் பக்கம் டும். நான் நடுவில் நின்று எண்ணினேன். நூற்றுப்பன்னிரண்டு இடிவரை எண்ணினேன், அதன்பிறகு அக்கா அரிதட்டை என் கையில் தந்துவிட்டா.

பெட்டி நிற்கவில்லை. மாவை அரித்து, வறுத்து, தேங்காய்ப்பூப் போட்டு அவித்ததில் அன்றிரவு நாலு வீட்டுக்குப் பிட்டுப் போனது. ஒரு பங்கு விண்டோஸ் தம்பிக்கும்.